கையில் காகிதம் இருந்தால்தான் கம்பம் நிலைக்கும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் "எங்கே போகலாம்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பெட்ரோல், டோல், சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், நம்மில் பலருக்கு ஒரே நாளில் போய் வரக்கூடிய ஊர் மலாக்கா. சிவப்புக் கட்டடங்களின் முன்னால் நின்று படம் எடுப்போம். ஆ ஃபாமோசா கோட்டை வாசலைத் தொட்டுப் பார்ப்போம். சென்டோல் குடிப்போம். ஜோங்கர் ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்துவிட்டு வீடு திரும்புவோம்.

இந்த முறை அதோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கிருந்து காரில் சில நிமிடங்களே உள்ள காஜா பெராங் பகுதிக்குப் போங்கள். அங்கே கம்போங் செட்டி என்ற ஒரு கம்பம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதற்குள் நடந்து பாருங்கள். போகும் முன் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள். அங்கே பார்க்க வேண்டியது வீடுகள் மட்டுமல்ல.

யார் இவர்கள்?

மலாக்கா சுல்தான்கள் ஆண்ட 15ஆம் நூற்றாண்டில், சோழ மண்டலக் கரையிலிருந்து துணியும் மற்ற சரக்குகளும் ஏற்றி வந்த தமிழ் வணிகர்கள் இந்தத் துறைமுகத்தில் தங்கினார்கள். இங்கிருந்த மலாய், ஜாவா, பாத்தாக், சீனப் பெண்களை மணந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அங்கு செல்வாக்கோடு இருந்த நைனா சாத்து என்ற தமிழ் வணிகர் பெந்தஹாரா பதவியில் அமர்த்தப்பட்டார் என்பது வரலாற்று ஏடுகளில் உள்ள செய்தி. "தமிழன் இந்நாட்டுக்குப் பால் மரம் சீவத்தான் வந்தான்" என்று யாராவது சொன்னால், உங்கள் பிள்ளைக்கு இந்த ஆண்டைச் சொல்லிக்கொடுங்கள். ரப்பர் மரம் இந்நாட்டுக்கு வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது அது.

இன்று செட்டிகளின் வீட்டு மொழி மலாய். பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்துவார்கள். ஆனால் கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும். பெயரின் பின்னால் பிள்ளை, செட்டி, நாயக்கர் என்று இருக்கும். பொங்கலுக்கு முதல்நாள் போகியன்று வாழையிலை விரித்து, முன்னோருக்குப் பிடித்த உணவையெல்லாம் படைத்து வணங்குவார்கள். அதை அவர்கள் 'பார்ச்சு' என்பார்கள். பழங்கள் காய்க்கும் பருவத்தில் 'பார்ச்சு புவா' என்று இன்னொரு படையலும் உண்டு. நம் வீட்டில் தாத்தா பாட்டிக்குப் படைப்பது போலத்தான். இலையில் சம்பாலும் குவேயும் சேர்ந்திருக்கும்.

"தமிழே பேசத் தெரியாதவர்கள் என்ன தமிழர்கள்?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. அப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாம் தமிழ் பேசுகிறோம், சரி. நம் தாத்தா குடியிருந்த வீடு எங்கே? அதைப் பிள்ளைக்குக் காட்ட முடியுமா?

ஊருக்குள் என்ன பார்க்கலாம்?

கம்போங் செட்டி பெரிய ஊர் அல்ல. குறுகிய பாதைகள். தாழ்ந்த கூரை வீடுகள். வீட்டின் முன்னால் திண்ணை. நிலைவாசலில் மாவிலைத் தோரணம். சில வீடுகள் பழைய மர வீடுகள். சில செங்கல் வைத்து மாற்றிக் கட்டப்பட்டவை. ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பார்த்தால், நடக்கும் தொலைவிலேயே கோயில்கள். 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயில் அவற்றில் ஒன்று. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' விழா என்பார்கள். சாச்சார் என்றால் அம்மை. அம்மை நோய் வராமல் காக்கச் சொல்லி ஆத்தாளைக் கும்பிட்ட நம் ஊர்த் திருவிழாதான், மலாய்ப் பெயரோடு நிற்கிறது. செட்டிகளின் வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகமும் ஊரில் உண்டு.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். அது சினிமாவுக்குப் போட்ட செட் அல்ல. மனிதர்கள் குடியிருக்கும் ஊர். கேட்காமல் திண்ணையில் ஏறாதீர்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வயதானவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லுங்கள், மலாயில் பேசுங்கள். நான் போனபோது ஒரு பெரியம்மா, "நீங்களும் வணக்கம்தான் சொல்வீர்களா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். வேலைக்காகப் பிள்ளைகள் எல்லாரும் வெளியூர் போய்விட்டதாகவும், விழாவுக்குத்தான் வீடு நிறையும் என்றும் சொன்னார். நம் தோட்டத்துப் பாட்டிகள் சொல்வதும் இதைத்தானே?

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பெரியம்மாவின் பிள்ளைகள் திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறது.

அந்த ஊர் ஏன் நிற்கிறது?

பழமையான ஊர் என்பதால் நிற்கிறது என்று நினைத்தால் அது தவறு. பழமைக்கு இந்நாட்டில் தனியாக மரியாதை ஒன்றும் கிடையாது. ஐந்நூறு ஆண்டு வேர் இருந்தும் செட்டிகள் பூமிபுத்ராக்களாக ஏற்கப்படவில்லை. பல காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த ஊர் நிற்பதற்குக் காரணம், செட்டிகள் நிலத்தைக் காகிதத்தோடு வைத்துக்கொண்டதுதான். டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டியிடம் கோயில் கட்ட நிலம் கொடுக்கப்பட்டது. அந்த இடத்தில் 1781இல் எழுந்ததுதான் மலாக்கா நகரின் நடுவில் இன்றும் நிற்கும் ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில். இன்று அக்கோயிலை நகரத்தார் நிர்வகிக்கிறார்கள். நிலம் செட்டிகள் வழி வந்தது. கோயிலும் அதன் அறங்காவலர்களும் செட்டி சமூகத்தை ஒன்றாகக் கட்டிவைத்தார்கள். கேட்பாரற்ற கூட்டமாக அவர்கள் என்றும் இருக்கவில்லை. பேசுவதற்கு ஆள் இருந்தது, காட்டுவதற்குக் காகிதம் இருந்தது. 2002இல் கம்போங் செட்டி மரபுடைமைக் கிராமமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

மலாக்காவிலேயே இன்னொரு எடுத்துக்காட்டும் உண்டு. ஆற்று வளைவில் இருக்கும் கம்போங் மோர்ட்டன். பழைய மலாய் மர வீடுகள், நடுவில் வில்லா செந்தோசா என்ற வீடு. வெளிநாட்டுப் பயணிகள் எல்லாம் வந்து பார்க்கும் இடம். அந்த ஊரின் கதையைக் கேளுங்கள். 1920களில் அம்மக்கள் அரசாங்கத்திடம் கடன் வாங்கி அந்த நிலத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கடன் கிடைக்க உதவிய நில அதிகாரியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். முதலில் நிலம் வந்தது. பாதுகாக்கப்பட்ட ஊர் என்ற அறிவிப்பு அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

நிற்காமல் போன ஊர்

இப்போது பினாங்குக்கு வாருங்கள். ஜெலுகோரில் கம்போங் புவா பாலா என்று ஒரு தமிழர் கம்பம் இருந்தது. மாடும் ஆடும் வளர்த்துப் பால் கறந்து விற்ற குடும்பங்கள். கோயில், மேய்ச்சல் இடம், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீடுகள். பழைய ஆங்கிலப் படத் தொடர் ஒன்றின் பெயரால் 'தமிழ் ஹை சாப்பரல்' என்றுகூட அழைத்தார்கள். பிரவுன் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். தங்கள் முன்னோருக்காக அந்த நிலம் அறக்கட்டளையாக விட்டுவைக்கப்பட்டது என்பது அவர்களின் வாதம்.

ஆனால் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. மாநில அரசு அதை அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குக் கொடுத்தது. மேம்பாட்டாளர் வந்தார். மக்கள் நீதிமன்றம் போனார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் கூட்டரசு நீதிமன்றத்திலும் அவர்களுக்குக் கைகொடுக்க ஆளில்லை. 2009 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இயந்திரங்கள் வந்து வீடுகளை இடித்தன. இழப்பீடாக இரட்டை மாடி வீடுகள் பேசப்பட்டன. சிலர் ஏற்றார்கள், சிலர் கடைசிவரை மறுத்தார்கள். ஒரு கூட்டணியின் ஆட்சியில் நிலம் கைமாறத் தொடங்கியது. மறு கூட்டணியின் ஆட்சியில் ஊர் இடிந்தது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டின. நடுவில் நின்றது நம் மக்கள்.

கம்போங் புவா பாலா அழகில் குறைந்ததா? இல்லை. வரலாற்றில் குறைந்ததா? அதுவும் இல்லை. அந்த ஊர் இன்று இருந்திருந்தால், பினாங்குக்கு வரும் ஒவ்வொரு பள்ளிப் பேருந்தும் அங்கே நின்றிருக்கும். கம்போங் செட்டியிடம் இருந்த காகிதம் புவா பாலாவிடம் இல்லை. நம்மவர்கள் ஒப்புக்கொள்ளக் கசப்பாக இருந்தாலும், நடந்தது அதுதான்.

என் வீடும் இல்லை

நான் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பா பால் மரம் வெட்டினார். அம்மா களைக்கொல்லி அடித்தார். எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது தோட்டம் விற்கப்பட்டது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, தேதி சொல்லி, காலி செய்யச் சொன்னார்கள். முப்பது ஆண்டு உழைத்த அப்பா ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. "அவங்க வீடுப்பா, அவங்க கேக்கறாங்க" என்றார். சட்டம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, அப்பா சொன்னது சட்டப்படி சரி என்று. சரியாக இருந்ததே எனக்குப் பெரிய வலி.

இன்று அங்கே வீடமைப்புப் பகுதி இருக்கிறது. லயம் இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். என் மகளை அழைத்துப் போய் "அப்பா இங்கேதான் பிறந்தேன்" என்றேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "எங்கேப்பா?" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

ஒரு சமூகத்துக்குக் காட்ட ஒரு வீடும் இல்லாமல் போனால், நேற்று வந்தவர்கள் என்று அதைச் சொல்லிவிடுவது சுலபம். இப்படி எத்தனை தோட்டங்கள்? உங்களுக்கே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பை நிறைய ரசீதுகள். கணவர் பெயரில் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் இருந்திருக்கிறது. ஆண்டுதோறும் நில அலுவலகத்தில் பணம் கட்டியிருக்கிறார்கள். கணவர் இறந்தார். அந்த அம்மா மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் தவறாமல் கட்டினார். அது போதும் என்று நினைத்துவிட்டார். ஒன்பது ஆண்டு கழித்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. என்னால் சில மாத அவகாசமும் ஒரு சிறு தொகையும்தான் வாங்கித்தர முடிந்தது. வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே தீபகற்ப மலேசியாவில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 48ஆம் பிரிவின்படி, அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனால் மட்டும் உரிமை பிறக்காது. "எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்கோம்" என்பது மனத்துக்கு நியாயம். நீதிமன்றத்தில் அது மட்டும் போதாது. தனியார் நிலத்திலும் நிலைமை இதுதான்.

டி.ஓ.எல். என்பது கிராண்டு அல்ல. அது எந்த மாதம் வாங்கினாலும் அந்த ஆண்டு டிசம்பரோடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் அவரோடு முடிந்துவிடும். மனைவியோ பிள்ளையோ உடனே தங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒரு செய்தி தெரியாமல் வீடு இழந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து நிலத்தில் பெரிய கட்டடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்த் திட்டம் வகுக்கப்படாத இடமாக இருந்தால், 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஊராட்சி மன்றம் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கவனியுங்கள்: நில உரிமையாளர்களுக்குத்தான் இந்த உரிமை. வெறுமனே குடியிருப்பவருக்கு அந்தக் கடிதம்கூட வராது.

கம்போங் செட்டிக்கும் ஆபத்து வராமல் இல்லை. 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஊரை ஒட்டி உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தபோது, ஊர் மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். நாடு முழுதும் செய்தியானது. 2008இல் மலாக்கா நகருக்கு யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி கிடைத்தது உண்மை; ஆனால் அந்த எல்லைக்கோட்டுக்குள் கம்போங் செட்டி வரவில்லை. அரசிதழ் அறிவிப்பு இருந்தும், பெயர் இருந்தும், அவர்கள் போராட வேண்டித்தான் இருந்தது. அப்படியென்றால் எதுவுமே இல்லாத நம் கம்பங்களின் கதி என்ன?

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதை இந்தப் பக்கங்களில் தொடர்ந்து கேட்போம். தோட்ட லயங்களில் ஒன்றிரண்டையாவது முறையாகப் பாதுகாத்து, இந்நாட்டை வளப்படுத்தியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எல்லா இனப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள் என்பது நியாயமான கோரிக்கை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ், எந்த ஓர் இடத்தையும் பொருளையும் தேசிய மரபுடைமையாக அறிவிக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அரசியல்வாதி தேவையில்லை. ஓர் இடத்தை மரபுடைமையாக்க மாநில அரசின் இணக்கமும் வேண்டும் என்பதால் இரண்டு கதவுகளையும் தட்ட வேண்டும்.

ஆனால் அரசாங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இந்த வாரமே செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, நீங்கள் குடியிருக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். லாட் எண்ணைத் தெரிந்துகொண்டு நில அலுவலகத்துக்குப் போய், சிறிய கட்டணம் கட்டி 'சாரியான்' செய்யலாம். யாரும் செய்யலாம். பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, டி.ஓ.எல். யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் அறிவிப்பு வரும்வரை உட்கார்ந்திருக்காமல் உடனே போய் விசாரியுங்கள்.

மூன்றாவது, கம்பத்துக் கோயில். அது நிற்கும் நிலம் யாருடையது? நிர்வாகம் பதிவு பெற்றதா? அறங்காவலர்கள் இறந்துபோனவர்களா, இருப்பவர்களா? திருவிழாவுக்குப் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு நிலத்துக்குப் பணம் திரட்டவும் தெரிய வேண்டும். கம்போங் மோர்ட்டன் மக்கள் அதைத்தான் செய்தார்கள்.

நான்காவது, படம் எடுத்து வையுங்கள். எல்லார் கையிலும் கேமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. வீட்டின் முன்புறம், கிணறு, கோயில், பழைய ரசீது, பழைய சம்பளச் சீட்டு, பாட்டியின் குரல் எல்லாவற்றையும் பதிந்து வையுங்கள். நாளை வழக்கு வந்தால் அவை சான்று. வழக்கு வராவிட்டால் பிள்ளைகளுக்குச் சொத்து. என் மகளின் கேள்விக்கு என்னால் பதில் காட்ட முடியவில்லை. உங்களால் முடிய வேண்டும்.

ஆகவே வாசகர்களே, இந்த விடுமுறைக்கு கம்போங் செட்டிக்குப் போய் வாருங்கள். திண்ணையையும் மாவிலைத் தோரணத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, இந்த ஊர் எப்படி நிலைத்தது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும் அந்தப் பழைய பிஸ்கட் டின்னை இறக்குங்கள். அதற்குள் உங்கள் குடும்பத்தின் காகிதங்கள் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஏதாவது குறைந்தாலோ புரியாவிட்டாலோ, எழுந்து போய்க் கேளுங்கள்.

நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். அந்த அம்மா ஒன்பது ஆண்டு தள்ளிப்போட்டார்.